ஏன் என்று கேட்கும் உரிமை



தோட்டப் பள்ளி ஆசிரியருக்குப் பாடம் நடத்துவது பாதி வேலை. மனு எழுதிக் கொடுப்பது மீதி வேலை. பிறப்புப் பத்திரத்துக்கு விண்ணப்பம், சேமநிதிக்குக் கடிதம், பிள்ளையின் பெயரில் விழுந்த எழுத்துப் பிழையைத் திருத்த மனு என்று மாலையில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, எங்கள் லயத்துக்குப் பின் வரிசையில் குடியிருந்த ஓர் அண்ணன் வந்தார். அவர் கையில் காகிதம் ஏதும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வாத்தியாரே, பையனை டவுன்ல போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்களாம். எதுக்குன்னு தெரியல. ஸ்டேஷனுக்குப் போய் ஏன்னு கேட்கலாமா? கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களா?"

மகனுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில் வந்த தகப்பன், முதலில் கேட்டது என்ன தெரியுமா? கேட்பதற்கே அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்.

"கேட்கலாம் அண்ணே. சட்டமே கேட்கச் சொல்கிறது" என்றேன். சட்டைய மாட்டிக்கொண்டு அவரோடு நானும் கிளம்பினேன்.

அந்தக் 'கேட்கலாம்' என்ற சொல்லை நான் ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சொல் மனிதர் கைக்கு வந்து சேர ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதை நடந்தது நம் மண்ணில் அல்ல, இங்கிலாந்தில். ஆயினும் நம் நாட்டை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள் ஆதலால், அவர்கள் சட்டத்தின் வேர் நம் சட்டத்திலும் ஓடியிருக்கிறது. கதையின் முடிவில் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்வோம்.

இங்கிலாந்தை 1199 முதல் 1216 வரை ஆண்டவர் ஜான் என்னும் மன்னர். அவருக்குப் பிரான்சு நாட்டிலும் பெரிய நிலப்பகுதிகள் இருந்தன. 1204இல் அவற்றுள் முக்கியமான நார்மண்டியைப் பிரான்சு மன்னரிடம் இழந்தார். இழந்ததை மீட்கப் போர், போருக்குப் பணம். பணத்துக்கு எங்கே போவது? பிரபுக்களிடமும் குடிமக்களிடமும்தான்.

போருக்கு ஆள் அனுப்பாத பிரபுக்கள் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். அதற்குக் கேடயப் பணம் என்று பெயர். ஜான் அதை அடிக்கடி வசூலித்தார், அளவையும் உயர்த்தினார். ஒரு பிரபு இறந்தால், மகன் தகப்பன் நிலத்தைப் பெறுவதற்கு மன்னருக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டும். கணவனை இழந்த சீமாட்டி மறுமணம் வேண்டாம் என்றால் அதற்கும் பணம் கட்ட வேண்டும். மன்னரின் கோட்டை அதிகாரிகள் குடியானவர் களத்துக்கு வந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போவார்கள். விலை எப்போது வரும் என்று கேட்க முடியாது.

பணத்தைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. மன்னருக்குக் கோபம் வந்தால் யாரையும் பிடித்துச் சிறையில் போடலாம். வில்லியம் டி பிரியோஸ் என்பவர் ஒரு காலத்தில் ஜானுக்கு மிக நெருங்கிய பிரபு. பின்னர் மன்னரின் வெறுப்புக்கு ஆளாகி நாட்டைவிட்டே ஓடினார். அவருடைய மனைவி மெட்டில்டாவும் மூத்த மகனும் 1210இல் மன்னரின் சிறையில் பட்டினியால் இறந்தார்கள் என்று அக்காலத்தில் வரலாறு எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். வழக்கும் இல்லை; விசாரணையும் இல்லை. ஒரு பிரபுவின் வீட்டுக்கே இந்த கதி என்றால் ஏழைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1214 ஜூலையில் பூவீன் என்னும் இடத்தில் ஜானின் கூட்டாளிகள் தோற்றுப் போனார்கள். செலவழித்த பணம் எல்லாம் வீண். மன்னர் வெறுங்கையோடு நாடு திரும்பினார். பிரபுக்கள் ஆயுதம் எடுத்தார்கள். 1215 மே மாதம் லண்டன் நகரம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. தலைநகரமே கை நழுவிய பிறகு ஜானுக்கு வேறு வழி இல்லை. தேம்ஸ் ஆற்றங்கரையில், ரன்னிமீடு என்ற புல்வெளியில் இரு தரப்பாரும் கூடினார்கள். 1215 ஜூன் 15ஆம் தேதியிட்ட சாசனத்துக்கு மன்னர் ஒப்புக்கொண்டார். அவர் கையெழுத்துப் போடவில்லை. மெழுகில் அரச முத்திரை பதிக்கப்பட்டது. ஆட்டுத்தோலில் இலத்தீன் மொழியில் எழுதிய பிரதிகள் பல இடங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் நான்கு இன்றும் அழியாமல் இருக்கின்றன. இதைத்தான் மாக்னா கார்ட்டா, அதாவது மகா சாசனம் என்கிறோம்.

சாசனத்தில் என்ன இருந்தது? பிற்காலத்தார் அதை 63 விதிகளாக எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பிரபுக்களின் கவலைகள். ஆனால் சில விதிகளைக் கேட்டால் நம் வீட்டுப் பேச்சுப் போலவே இருக்கும்.

தானியத்தையோ வேறு பொருளையோ எடுக்கும் அதிகாரி அதற்கு உடனே பணம் கொடுக்க வேண்டும் என்றது ஒரு விதி. தானியம் அளக்கவும் துணி அளக்கவும் நாடு முழுதும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும் என்றது இன்னொரு விதி. தராசில் நம் உழைப்பை ஏற்றி இறக்கிய நமக்கு இதன் அருமை தெரியும். குற்றத்துக்கு அபராதம் போட்டாலும் குற்றத்தின் அளவுக்கே போட வேண்டும். குடியானவனிடம் அவன் உழவுக்கு வேண்டியதை விட்டுவைக்க வேண்டும் என்றது மற்றொரு விதி. பால் வெட்டுகிறவருக்கு அபராதம் போட்டு, அதற்காக அவர் வெட்டுக்கத்தியையும் வாளியையும் பிடுங்கிக்கொண்டால் அவர் எதைக் கொண்டு பிழைப்பார்? அந்த நியாயம் 1215லேயே எழுத்தில் ஏறியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலானவை 39ஆம், 40ஆம் விதிகள். அவற்றின் பொருள் இதுதான்: சுதந்திர மனிதன் எவனையும் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்பினாலோ நாட்டின் சட்டப்படியோ அல்லாமல் பிடிக்கவோ, சிறையிடவோ, சொத்தைப் பறிக்கவோ கூடாது. நீதியை யாருக்கும் விற்கக் கூடாது, யாருக்கும் மறுக்கக் கூடாது, தாமதப்படுத்தவும் கூடாது.

மன்னரின் விருப்பம் வேறு, சட்டம் வேறு. மன்னரும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவரே. இந்த எண்ணம் இங்கே எழுத்தாகிவிட்டது.

ஆனால் நேயர்களே, ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? 'சுதந்திர மனிதன்' என்று எழுதினார்கள். அந்நாளில் இங்கிலாந்தின் குடியானவர்களில் மிகப் பலர் சுதந்திர மனிதர்கள் அல்லர். அவர்கள் பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்டவர்கள். அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. மகளுக்குக் கல்யாணம் செய்யவும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். அவர்களுக்கு 39ஆம் விதி பொருந்தாது. ஆகவே மகா சாசனத்தை ஏழைகளுக்காகப் பிறந்த சாசனம் என்று சொன்னால் அது உண்மை ஆகாது. அது பெரியவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது. அது எப்படி எல்லாருக்கும் உரியதாயிற்று என்பதில்தான் பாடம் இருக்கிறது.

முதலில் அந்தச் சாசனம் பிழைத்ததே பெரிது. முத்திரை வைத்த மன்னரே அதை மதிக்கவில்லை. கட்டாயப்படுத்தி வாங்கிய வாக்கு செல்லாது என்று போப்பாண்டவருக்கு முறையிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட் அதை ரத்துச் செய்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் ஜான் நோயுற்று இறந்தார். அடுத்து அரியணை ஏறிய அவர் மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது ஒன்பது. சிறுவனுக்காக ஆட்சியை நடத்தியவர்கள், நாட்டில் அமைதி வேண்டுமானால் சாசனம் வேண்டும் என்று உணர்ந்து, சில விதிகளை நீக்கி 1216இலும் 1217இலும் மறுபடி வெளியிட்டார்கள்.

1217இல் அதோடு காட்டுச் சாசனம் என்று இன்னொன்றும் வந்தது. மன்னர் வேட்டைக்கென்று ஒதுக்கிய காடுகளில் மான் பிடித்தவனுக்கு உயிரோ உறுப்போ போகும் நிலை இருந்தது. இனி மானுக்காக யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்றது இந்தச் சாசனம். காட்டை நம்பி ஆடு மாடும் பன்றியும் மேய்த்துப் பிழைத்தவர்களுக்கு மகா சாசனத்தைவிட இதுவே அன்றாடம் உதவியது.

1225இல் ஹென்றி வளர்ந்த பிள்ளை. போருக்குப் பணம் வேண்டும் என்றார். அசையும் பொருள்களில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகத் தருகிறோம். சாசனத்தை மறுபடி உறுதி செய்யுங்கள் என்றார்கள். அப்படியே நடந்தது. இங்கேதான் ஒரு வழக்கம் வேர் பிடித்தது. மன்னர் பணம் கேட்கும்போதெல்லாம் மக்கள் தரப்பு உரிமை கேட்டது. 1265இல் சைமன் டி மான்ட்ஃபர்ட் கூட்டிய நாடாளுமன்றத்துக்குப் பிரபுக்களோடு ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இரண்டு வீரர்களும், நகரங்களிலிருந்து பிரதிநிதிகளும் அழைக்கப்பட்டார்கள். வரி கொடுப்பவனைக் கேட்டுத்தான் வரி போட வேண்டும் என்ற எண்ணம் அப்படி வளர்ந்தது.

1297இல் முதலாம் எட்வர்டு மன்னர் மகா சாசனத்தை மீண்டும் உறுதிப்படுத்தியபோது ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். சாசனத்தின் பிரதிகளைப் பெரிய தேவாலயங்களில் வைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டும் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று. அந்நாளில் வானொலி இல்லை, தேவாலயம்தான் வானொலி. உரிமை பெட்டியில் பூட்டிக் கிடந்தால் அது உரிமை அல்ல. ஊர் அறிந்தால்தான் உரிமை.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். 1354இல், மூன்றாம் எட்வர்டு காலத்தில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. மகா சாசனத்தின் அதே பாதுகாப்பைத் திருப்பிச் சொன்னது. ஆனால் 'சுதந்திர மனிதன்' என்று எழுதவில்லை. எந்த நிலையில் உள்ளவனாக இருந்தாலும், எந்த மனிதனையும் முறையான சட்ட நடவடிக்கை இல்லாமல் நிலத்தைவிட்டு வெளியேற்றவோ, பிடிக்கவோ, சிறையிடவோ, கொல்லவோ கூடாது என்று எழுதியது. சொல்லளவில் ஒரு சிறு மாற்றம்தான். ஆனால் பிரபுக்கள் தங்களுக்குக் கட்டிய கூரை, அந்தச் சொல்லால் எல்லார் தலைக்கும் மேலே நீண்டது.

எழுதியதெல்லாம் உடனே நடந்துவிடவில்லை. இருநூற்று எழுபது ஆண்டுகள் கழித்துக்கூட ஒரு மன்னர் அதைச் சோதித்துப் பார்த்தார். அவர் முதலாம் சார்ல்ஸ். நாடாளுமன்றம் பணம் தர மறுத்ததால், பணமுள்ளவர்கள் தமக்குக் கட்டாயமாகக் கடன் தர வேண்டும் என்று ஆணையிட்டார். தர மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் 1627இல் நீதிமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். எங்களை ஏன் பிடித்தீர்கள், காரணம் என்ன என்று கேட்டார்கள். சிறை அதிகாரி கொடுத்த பதில்: மன்னரின் தனி ஆணை. அவ்வளவுதான் காரணம். நீதிபதிகளும் அவர்களை விடுவிக்கவில்லை.

அடுத்த ஆண்டு கூடிய நாடாளுமன்றம் இதை விடவில்லை. எட்வர்டு கோக் என்னும் சட்ட அறிஞர், எழுபது வயதைத் தாண்டியவர், முன்னின்றார். தலைமை நீதிபதியாக இருந்தபோது மன்னரோடு ஒத்துப்போகாததால் பதவி இழந்தவர் அவர். பழைய மகா சாசனத்தையும் 1354ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சுட்டிக்காட்டி, 1628இல் உரிமை மனுவைத் தயாரித்தார்கள். நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வரியும் கட்டாயக் கடனும் கூடாது. காரணம் காட்டாமல் யாரையும் சிறையிடக் கூடாது என்றது அந்த மனு. மன்னர் ஒப்புக்கொண்டார், பிறகு நாடாளுமன்றத்தையே கலைத்துப் பதினொரு ஆண்டுகள் தனியாக ஆண்டார். அதன் முடிவு உள்நாட்டுப் போர். 1649 ஜனவரியில் அந்த மன்னரின் தலை வெட்டப்பட்டது. சட்டத்தைத் தாண்டியவருக்கும் துன்பம், அவர் ஆண்ட நாட்டுக்கும் பெருந்துன்பம்.

பெரியவர்கள் கதையாகவே சொல்கிறீர்களே, சாதாரண மனிதன் எங்கே என்று கேட்பீர்கள். இதோ வருகிறான். 1676இல் லண்டனில் பிரான்சிஸ் ஜென்க்ஸ் என்ற துணி வியாபாரி, புதிய நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் பேசினார். சிறையில் போட்டார்கள். நீதிமன்றங்களுக்கு விடுமுறைக் காலம். இப்போது மனுவை ஏற்க முடியாது என்று சொல்லி மாதக் கணக்கில் இழுத்தடித்தார்கள். பேசினதற்குச் சிறை, கேட்டதற்கு விடுமுறை. இப்படிப்பட்ட தந்திரங்களை ஒழிக்க 1679இல் ஆட்கொணர்வுச் சட்டம் நிறைவேறியது.

ஆட்கொணர்வு மனு என்றால் என்ன? அதன் நடைமுறை மிக எளிது. ஒருவரைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள். அவரோ, அவருக்காக வேறொருவரோ நீதிபதியிடம் மனு கொடுக்கிறார். நீதிபதி சிறை அதிகாரிக்கு ஆணை அனுப்புகிறார்: அந்த ஆளை என் முன் கொண்டு வா, எந்தக் காரணத்துக்காக வைத்திருக்கிறாய் என்றும் சொல். காரணம் சட்டப்படி சரியானால் விசாரணை நடக்கும். சரியில்லை என்றால் ஆள் வெளியே வந்துவிடுவார். இந்த முறை முன்பே இருந்தது. 1679ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பல் வைத்தது. பக்கத்து ஊராக இருந்தால் மூன்று நாளுக்குள் கொண்டுவர வேண்டும். நூறு மைலுக்கு மேல் இருந்தாலும் இருபது நாளுக்குள் கொண்டுவர வேண்டும். ஆணையை மீறும் சிறை அதிகாரி முதல் தடவை 100 பவுன் அபராதம் கட்ட வேண்டும். அதுவும் அரசாங்கத்துக்கு அல்ல, அடைபட்டவருக்கே! விடுமுறையைச் சாக்குச் சொல்லி மனுவை மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுன்.

இந்தச் சட்டம் நிறைவேறியதைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. பிரபுக்கள் சபையில் வாக்குகளை எண்ணும்போது மிகப் பருத்த உடம்புள்ள ஒரு பிரபு வந்தாராம். எண்ணியவர் விளையாட்டாக அவரைப் பத்துப் பேர் என்று எண்ணினாராம். மறு தரப்பில் இருந்தவர் கவனிக்கவில்லையாம். அதனால்தான் சட்டம் தேறியது என்று அக்காலத்துப் பாதிரியார் பர்னெட் எழுதியிருக்கிறார். கதை எப்படியோ, சட்டம் நிலைத்துவிட்டது.

மனு கொடுப்பதே குற்றமா என்ற கேள்வியும் எழுந்தது. 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஓர் ஆணையைத் தேவாலயங்களில் படிக்க முடியாது என்று ஏழு ஆயர்கள் பணிவாக மனுக் கொடுத்தார்கள். மன்னர் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். ஜூன் 30ஆம் தேதி நடுவர் குழு அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. லண்டன் நகரமே கொண்டாடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னர் நாட்டைவிட்டு ஓடினார். 1689இல் உரிமைகள் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் சட்டத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. வரி போடக் கூடாது. மன்னருக்கு மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை, அதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது. அளவுக்கு மீறிய ஜாமீனும் கொடுமையான தண்டனையும் கூடாது என்று அதில் எழுதினார்கள். 1701இல் இன்னொரு சட்டம், மன்னர் நினைத்தபோது நீதிபதிகளை நீக்க முடியாதபடி செய்தது. அஞ்சி இருக்கும் நீதிபதியிடம் மனு கொடுத்து என்ன பயன்?

இந்தக் கூரை எவ்வளவு தூரம் நீண்டது என்பதை 1772ஆம் ஆண்டு வழக்கு ஒன்று காட்டியது. ஜேம்ஸ் சாமர்செட் என்ற ஆப்பிரிக்கர், அமெரிக்காவில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. எஜமானர் அவரை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அங்கே அவர் தப்பி ஓடினார். பிடித்து, ஜமைக்காத் தீவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்தார்கள். அவருடைய ஞானப் பெற்றோர் மூவர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக் கொடுத்தார்கள். கப்பல் தலைவன் அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு, ஒருவரைப் பலவந்தமாக நாடு கடத்தி விற்க இங்கிலாந்தின் சட்டத்தில் இடம் இல்லை என்று ஜூன் 22ஆம் தேதி அவரை விடுவித்தார். பிரபுக்கள் தங்களுக்காகச் செய்த சாவி, ஓர் அடிமையின் விலங்கையும் திறந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தம் நாட்டில் இவ்வளவு உரிமை பேசிய ஆங்கிலேயர், கடல் கடந்து ஆண்ட நாடுகளில் அதையெல்லாம் அப்படியே கொடுக்கவில்லை. சாமர்செட் விடுதலையான பிறகும் அவர்களுடைய கரும்புத் தோட்டங்களில் அடிமை முறை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. நம் மலாயாவுக்கு நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் நின்றது. ஜூன் மாதப் புல்வெளியில் எழுதிய சாசனம் நம் லயத்துக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று, பாருங்கள்!

ஆயினும் வந்தது. 1791இல் அமெரிக்கா தன் அரசியலமைப்பில், முறையான சட்ட நடவடிக்கை இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்று எழுதியது. 1354ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களே அவை. 1948 டிசம்பர் 10ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. 1950இல் இந்தியா தன் அரசியலமைப்பில் இவ்வுரிமைகளை எழுதிக்கொண்டது. நம் நாட்டுக்கு அரசியலமைப்பை வரைய 1956இல் ரீட் பிரபு தலைமையில் ஐவர் குழு அமைந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் சட்ட அறிஞர்கள் அதில் இருந்தார்கள். 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி சுதந்திரம் பெற்றபோது நம் அரசியலமைப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

அதில் ஐந்தாம் பிரிவைக் கேளுங்கள். சட்டத்தின்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. பிடிக்கப்பட்டவருக்கு ஏன் பிடித்தார்கள் என்ற காரணத்தை இயன்ற விரைவில் சொல்ல வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுவர வேண்டும். அதற்குமேல் மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. சட்டவிரோதமாக ஒருவரை அடைத்திருக்கிறார்கள் என்று முறையிட்டால் உயர்நீதிமன்றம் விசாரிக்க வேண்டும். 1679ஆம் ஆண்டு ஆட்கொணர்வு மனுதான் இது. ஆறாம் பிரிவு அடிமைத்தனத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. எட்டாம் பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 96ஆம் பிரிவு சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி கூடாது என்கிறது.

இங்கும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை பற்றிய பத்தாம் பிரிவு 'குடிமகன்' என்று சொல்கிறது. ஆனால் ஐந்தாம், ஆறாம் பிரிவுகளும், சட்டத்தின் முன் சமம் என்னும் எட்டாம் பிரிவின் வாசகமும் அந்த உரிமையைக் 'குடிமகன்' என்ற சொல்லோடு கட்டவில்லை. எந்த மனிதரும் என்று சொல்கின்றன. இந்த மண்ணிலேயே பிறந்து உழைத்தும் நீல அடையாளக் கார்டு கிடைக்காமல் சிவப்புக் கார்டோடு வாழ்ந்து மறைந்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! எங்கள் பாட்டி ஒருவர். நமக்கெல்லாம் சட்டம் ஏது என்று அவர் சொல்வார். பாட்டி சொன்னது சரியல்ல. காரணத்தைக் கேட்கும் உரிமை கார்டின் நிறத்தைப் பார்த்து வருவதில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்ட வெளிநாட்டவருக்கு 24 மணி நேரம் என்பது 14 நாள் என்று மாறுகிறது. ஆனால் காரணம் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.

எல்லாம் நிறைந்துவிட்டது என்று சொல்லவும் மாட்டேன். நம் அரசியலமைப்பின் 149ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்காக இவ்வுரிமைகளைக் குறைக்கும் சட்டங்களுக்கு இடம் தருகிறது. அதன்படி 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அமைச்சரின் ஆணையால் ஒருவரை விசாரணை இன்றி இரண்டிரண்டு ஆண்டுகளாக அடைத்து வைக்க அனுமதித்தது. 2012இல் அது நீக்கப்பட்டு வேறு சட்டம் வந்தது. 1215இல் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. காவலும் வேண்டும்; காவலுக்கு ஓர் எல்லையும் வேண்டும். அந்த எல்லை எது என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். அண்ணனும் நானும் நிலையத்துக்குப் போனோம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவரிடம், "இவர் பையனின் தகப்பனார். எதற்காகப் பிடித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள வந்தோம்" என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு சைக்கிள் திருட்டு விஷயமாக விசாரிக்க வைத்திருப்பதாகவும், மறுநாள் காலை மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுபோவதாகவும் சொன்னார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பையன் ஜாமீனில் வந்தான். வழக்கு நடந்தது, சைக்கிளை எடுத்தவன் வேறு ஒருவன் என்று பின்னால் தெரிந்தது.

அந்த அண்ணன் பள்ளிக்கூடம் போகாதவர். ஜான் மன்னரையும் தெரியாது; ரன்னிமீடும் தெரியாது. வீடு திரும்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "கேட்டா சொல்றாங்களே வாத்தியாரே. இது தெரியாம ராத்திரி பூரா வாசல்லயே நின்னிருப்பேன்."

தாய்மார்களே, தந்தைமார்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். ஏன் பிடித்தீர்கள்? வழக்கறிஞரிடம் பேச விடுவீர்களா? எப்போது மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுபோவீர்கள்? மரியாதையாகக் கேட்க வேண்டும். அஞ்சாமல் கேட்க வேண்டும். தேவாலயத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை உரக்கப் படித்தார்களே, அதுபோல நம் வீட்டிலும் அடிக்கடி சொல்லி வைப்போம்.